உங்களுக்குத் தெரியுமா? எறும்பியூர் மலை முதல் அரங்கத்துத் தீவு வரை

பழைய எறும்பியூரான திருவெறும்பூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பெல் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு 1965-இல் அமைந்த கொதிகலன் ஆலை அது. துப்பாக்கித் தொழிற்சாலையையும் துவாக்குடி பொறியியல் கல்லூரியையும் அடுத்துச் சொல்வார்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது இந்த வட்டாரத்தின் இன்னொரு செல்வத்தை: இங்கே பிறந்தவர்கள், படித்தவர்கள், பாடம் நடத்தியவர்கள், இந்த மண்ணைப் பற்றி எழுதியவர்கள். அறிவியல், வரலாறு, கலை என்று வேலி போட்டுக்கொள்ளாமல் உழைத்த எழுத்தாளர்கள், பேராசிரியர்கள் இவர்கள்.

எறும்பு ஏறிய மலை

தஞ்சாவூர்ச் சாலையில் போகும்போது வலதா இடதா என்று தேட வேண்டியதே இல்லை. சுமார் 60 அடி உயரப் பாறையும் அதன் உச்சியில் விமானமும் தூரத்திலிருந்தே தெரியும். அப்பர் பாடிய தலம். அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவில் வந்து வழிபட்டார்கள், அவர்கள் வழுக்காமல் ஏறுவதற்காக இறைவன் சற்றே சாய்ந்து கொடுத்தார் என்பது தலபுராணம். அதனால் சுவாமிக்கு எறும்பீசுவரர் என்று பெயர். அம்மன் நறுங்குழல் நாயகி.

புராணத்தைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறோம். ஆனால் அந்தச் சுவர்கள் வேறு சேதிகளையும் சொல்கின்றன. முற்காலச் சோழர் காலத்துக் கற்றளி அது. திருப்பணியோடு சேர்ந்து கல்வெட்டில் வரும் பெயர் செம்பியன் வேதிவேளான். அரசர்களின் பெயரை மட்டும் படித்துப் பழகிய நமக்கு இவரைப் போன்றவர்களை அறிமுகப்படுத்துவது கல்வெட்டுதான். விளக்குக்கு யார் ஆடு கொடுத்தார், நிலத்துக்கு எல்லை எது, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு என்று ஊர்க்கணக்கு முழுவதும் கல்லில் ஏறியிருந்த காலம் அது.

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய, பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு போனால் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை மட்டும் குறையவே கூடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முதலைத் தொடாமல் வட்டியில் அறம் நடத்தத் தெரிந்திருக்கிறது நம் ஊராருக்கு.

இந்தக் கோயிலைக் கல் கல்லாக அளந்து, கல்வெட்டுகளைப் படித்து எழுதப்பட்ட தமிழ் நூலே இருக்கிறது: ‘எறும்பியூர் துடையூர் சோழர் தளிகள்’. எழுதியவர்கள் இரா. கலைக்கோவன், மு. நளினி. திருவெறும்பூர்ப் பள்ளிகள் ஒவ்வொன்றின் நூலகத்திலும் இருக்க வேண்டிய புத்தகம்.

போர் வரலாற்றில் எறும்பீசுவரம்

கருநாடகப் போர்களைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதியவர் ராபர்ட் ஓர்ம். கேரளக் கடற்கரையின் அஞ்சுதெங்கில் 1728-இல் பிறந்த ஆங்கிலேயர். அவருடைய நூலில் திருச்சி முற்றுகையின்போது ‘எலிமிசேரம்’ என்ற ஒரு கோட்டைக் கோயில் வரும். எறும்பீசுவரத்தைத்தான் அப்படி எழுதினார். பாறை உச்சியில் இருந்தால் சுற்றிலும் சமவெளி தெரியும். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அதன்மேல் கண் வைத்ததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

பகலில் கண் மருத்துவம், மற்ற நேரத்தில் கல்வெட்டு

மேலே சொன்ன நூலாசிரியர் இரா. கலைக்கோவன் தொழிலால் கண் மருத்துவர். திருச்சியில் டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தை நிறுவியவர். ‘பழுவூர்ப் புதையல்கள்’, ‘சுவடழிந்த கோயில்கள்’, ‘தளிச்சேரிக் கல்வெட்டு’ ஆகியவை அவருடைய நூல்கள். மு. நளினியோடு சேர்ந்து குடைவரைகளைப் பற்றி அவர் எழுதியிருப்பவை அந்தத் துறையில் இறங்குகிறவர்கள் முதலில் எடுத்துப் படிக்க வேண்டியவை. ‘வரலாறு’ என்ற ஆய்விதழையும் அந்த மையம் நடத்தியிருக்கிறது. தமிழிலேயே, முழு அடிக்குறிப்போடு, யாருக்கும் புரியும்படி.

மையத்துக்குப் பெயர் தந்த மா. இராசமாணிக்கனார் அவருடைய தந்தை. அந்தப் பெரியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் மனம் நிமிரும். 1907-இல் கர்நூலில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தை போய்விட்டார். குடும்பம் நொடிந்தது, பையன் தையற்கடை வேலைக்குப் போனான். படிப்பு விட்ட இடத்திலிருந்து மறுபடி தஞ்சாவூரில் தொடங்கியது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பட்டமாக ஏறி, பெரியபுராணத்தை ஆராய்ந்து முனைவர் ஆனார். மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ் கற்பித்தார். 1967-இல் மறைந்தார்.

‘பல்லவர் வரலாறு’, ‘சோழர் வரலாறு’ இரண்டும் அவர் எழுதியவை. அவற்றுக்கும் முன்னால், 1941-இல், மொகெஞ்சொதரோவைப் பற்றித் தமிழில் ஒரு நூல் எழுதினார். சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924-இல். அவருடைய பெரிய ஆங்கிலத் தொகுதிகள் வந்தது 1931-இல். பத்தே ஆண்டுகளில் அந்தச் செய்தி முழுவதையும் தமிழ் படிக்கத் தெரிந்த எவருக்கும் எட்டும்படி செய்துவிட்டார் ஒரு தமிழாசிரியர். இன்று புதிய கண்டுபிடிப்பு ஒன்று வந்தால் அதைப் பற்றி நல்ல தமிழ் நூல் வர எத்தனை ஆண்டு ஆகிறது? நம் பேராசிரியர்களிடம் இந்தக் கேள்வியை நான் உண்மையான வருத்தத்தோடு கேட்கிறேன்.

மைப்படி எடுப்பது எப்படி?

கல்வெட்டுப் படிப்பது என்றால் சுவர்முன் நின்று வாசிப்பது என்று நினைக்கிறோம். முதல் வேலை கழுவுவது. எழுத்துக்குள் அடைந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, தூசி எல்லாவற்றையும் தண்ணீர் விட்டு, எழுத்து காயப்படாமல் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு நனைத்த தாளைக் கல்லின்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டுவார்கள். அடர்ந்த மயிர்த் தூரிகையால் தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். பாதி காய்ந்ததும் மை தோய்த்த திண்டால் மேலே மெல்ல ஒற்றுவார்கள். மேட்டில் மை ஏறும், பள்ளத்தில் ஏறாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாக ஆயிரம் ஆண்டுப் பழைய ஆவணம் தாளுக்கு வந்துவிடும்.

தென்னிந்தியாவில் இந்த வேலையை அரசுத் துறையாக முறைப்படுத்தியதில் பெரும் பங்கு ஹூல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞருக்கு. அவர் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1890-இல் வந்தது. திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டும் அதில் உண்டு.

மலைக்கோட்டைச் சிற்பத்தில் இருப்பவர் யார்?

மலைக்கோட்டையின் மேல்குகையை 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்தவன் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். அவனுடைய பட்டப்பெயரால் அதற்கு லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். உள்ளே கங்காதரர் சிற்பம், சடையில் கங்கையை ஏற்கும் கோலம். இதைப் பார்த்து ஒரு வியப்பான கருத்தைச் சொன்னவர் மைக்கேல் லாக்வுட். அமெரிக்கர். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். இந்தச் சிவன் மகேந்திரவர்மனின் உருவமும்கூட, ஒரே சிற்பத்தில் இறைவனும் மன்னனும் இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இருபுறமும் உள்ள வடமொழிக் கல்வெட்டைத் தம் சக பேராசிரியர் விஷ்ணு பட் துணையோடு வரி வரியாக ஆராய்ந்து அதை எழுதினார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்தபின் சிற்பத்தின் முகத்தைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

மகேந்திரன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தையும் இந்த இருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள்.

உழவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு

திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் 20 ஆண்டுகளுக்கும் மேல் தமிழ் கற்பித்தவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார். 1884-இல் தஞ்சைப் பக்கத்து நடுக்காவிரியில் பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளை. ஆசிரியரிடம் முறையாகத் தமிழ் கற்க வாய்ப்பில்லை, தாமே படித்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் மூன்றையும் 1905 முதல் 1907 வரை அடுத்தடுத்த ஆண்டுகளில் தேறினார். ‘நக்கீரர்’, ‘கபிலர்’, ‘கள்ளர் சரித்திரம்’ அவர் எழுதிய நூல்கள். மு. இராகவையங்காரின் ‘வேளிர் வரலாறு’ நூலை மறுத்து 1915-இல் ‘வேளிர் வரலாற்றின் ஆராய்ச்சி’ எழுதினார். பெரிய புலவர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்க வேண்டியதில்லை, சான்று எங்கே என்று கேட்கலாம் என்பதை அன்றே செய்து காட்டியவர்.

நோபல் பெற்றவரும் மிருதங்கமும்

சர் சி.வி. ராமன் பிறந்தது திருவானைக்காவலில், 1888 நவம்பர் 7-இல். இது பலருக்கும் தெரியும். அவர் மிருதங்கத்தை ஆராய்ந்தவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

தோலை இழுத்துக் கட்டிய வட்டமான முரசைத் தட்டினால் எழும் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. வீணைத் தந்தியில் மேலொலிகள் அடிப்படை ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வரும். தோலில் அப்படி வராது. அதனால்தான் பல நாட்டு முரசுகளில் தாளம் உண்டு, சுருதி இல்லை. ஆனால் மிருதங்கம் தம்புராவோடு சேர்ந்து நிற்கிறதே, எப்படி?

பதில் மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கிறது. அங்கே கறுப்பாக வட்டமாக ஒட்டியிருக்கும் பொருளைச் ‘சோறு’ என்பார்கள். பொடித்த கல்லையும் சோற்றுப் பசையையும் கலந்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவார்கள். நடுவில் கூடும் அந்தப் பாரம் தோலின் அதிர்வுகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் சிவகாளி குமாரோடு சேர்ந்து ராமன் இதை அறிவித்தார். 1934-இல் விரிவாக எழுதினார்: முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்தே ஒலிகளாகத் திரண்டு, வரிசையாகச் சுருதி கூடுகின்றன என்று. தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது எங்கே குவிகிறது என்று பார்த்தால் அதிர்வின் வடிவம் கண்ணுக்கே தெரியும்.

வீணை, தம்புராவின் குதிரை அமைப்பையும் அவர் ஆராய்ந்திருக்கிறார். நோபல் பெற்றுத் தந்த ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பு 1928 பிப்ரவரி 28-இல், பரிசு 1930-இல். இசைக்கருவி ஆராய்ச்சி அதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. மிருதங்கம் கட்டும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டறிந்த உண்மைக்கு இயற்பியலில் இடம் வாங்கிக் கொடுத்தார் இந்தத் திருவானைக்காவல்காரர். நோபல் பரிசுக்குச் சற்றும் குறையாத மரியாதை இது என்பேன்.

செயின்ட் ஜோசப் கல்லூரியின் இன்னொரு மாணவர்

அப்துல் கலாம் அங்கே படித்ததைச் சொல்கிறோம். ஜி.என். ராமச்சந்திரனும் அங்கே இயற்பியல் படித்தவர்தான். நம் எலும்பு, தோல், தசைநார்களைத் தாங்கி நிற்கும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய வடம் என்று 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சென்னையிலிருந்து உலகுக்குச் சொன்னார். 1963-இல் வெளியான ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் புரதங்களை ஆராய்கிறவர்கள் எல்லாருக்கும் அரிச்சுவடி. பிற்காலத்தில் அவர் மனம் இந்தியத் தருக்க முறைகளில், குறிப்பாகச் சமணர்களின் சியாத்வாதத்தில் ஈடுபட்டது. அதற்குக் கணித வடிவம் கொடுத்துக் கட்டுரைகள் எழுதினார்.

பாதிரியார் சேர்த்த செடிகள்

அதே கல்லூரி வளாகத்தில் ரபினாட் தாவரத் தொகுப்பகம் இருக்கிறது. 1967-இல் தொடங்கியவர் சேசு சபைப் பாதிரியார் கே.எம். மேத்யூ. தமக்கு முன்னோடியான தாவரவியல் பாதிரியார் ரபினாட்டின் பெயரை அதற்கு வைத்தார்.

வேலை சாதாரணமாகத் தோன்றும். பூவோடும் காயோடும் கிளையை வெட்டி, செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து அழுத்தி, ஈரம் போகத் தாளை மாற்றி மாற்றி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்ட வேண்டும். எந்த இடம், எந்த நாள், பூவின் நிறம் என்ன என்று மூலையில் குறிப்பு. உலர்ந்தால் நிறம் போய்விடும், எழுதியது மட்டும்தான் நிற்கும். இப்படி ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்ததன் பயன் ‘தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவரங்கள்’ பற்றி 1980-களில் வந்த பெருந்தொகுதிகள். பழனி மலைத் தாவரங்களுக்கும் அவர் தனியாக நூல் செய்தார். நம் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நின்ற செடி எது என்று நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டால், காட்டுவதற்கு அந்தத் தாள்கள் இருக்கும்.

அரங்கத்துக் கணக்கும் ஆரோக்கியசாலையும்

ஸ்ரீரங்கம் கோயிலின் நாட்குறிப்பு என்று சொல்லத்தக்கது ‘கோயில் ஒழுகு’. யார் எந்தத் திருப்பணி செய்தார், படையெடுப்பின்போது உற்சவர் எங்கெல்லாம் போனார், ஸ்ரீபண்டாரம் எப்படி நடந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கோயிலார் எழுதி வந்தது. அதைக் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு, பொருந்துவது எது பொருந்தாதது எது என்று குறிப்புகளோடு 1961-இல் ஆங்கிலத்தில் தந்தவர் வரலாற்றாசிரியர் வி.என். ஹரி ராவ். பின்னர்க் கோயிலின் முழு வரலாற்றையும் எழுதினார். பக்தியையும் சான்றையும் இரண்டு கையிலும் ஏந்தி நடந்த உழைப்பு அது.

ஸ்ரீரங்கத்துக் கல்வெட்டுகளுக்கென்றே ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் 24-ஆம் தொகுதி 1982-இல் வந்தது. தன்வந்திரி சந்நிதிக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கோயிலில் ஆரோக்கியசாலை இருந்தது. கருடவாகன பட்டர் மரபில் வந்தவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மருத்துவ வரலாறு எழுதுகிறவருக்கும் ஸ்ரீரங்கம் வராமல் முடியாது.

நீரியலும் குறளும்

கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் 1929-இல் பிறந்தவர் வா.செ. குழந்தைசாமி. பொறியாளர். மழை எவ்வளவு பெய்தால் ஆற்றில் எவ்வளவு நீர் ஓடும் என்பது காவிரிக் கரைக்காரர்களின் ஆதிக் கேள்வி. அதற்கு அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் அவர் உருவாக்கிய கணித முறை நீரியலில் ‘குழந்தைசாமி மாதிரி’ என்றே வழங்குகிறது. மதுரை காமராசர், அண்ணா, இந்திரா காந்தி திறந்தநிலை என மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராக இருந்தவர். ‘குலோத்துங்கன்’ என்ற பெயரில் கவிதை எழுதினார். ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்கு 1988-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ‘அறிவியல் தமிழ்’ என்ற நூலில் அவர் வற்புறுத்தியது ஒன்றே: உயர்ந்த அறிவியல் தமிழில் எழுதப்பட வேண்டும், அதுவும் துறையில் வல்லவர்களாலேயே.

சுஜாதா

ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து செயின்ட் ஜோசப்பில் படித்த ரங்கராஜன் என்ற சுஜாதாவைச் சொல்லாமல் விட முடியுமா? பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரம் உருவானதில் பங்குண்டு. மூளையைப் பற்றித் ‘தலைமைச் செயலகம்’ எழுதினார். அறிவியலை மக்களிடம் கொண்டுபோனதற்காக 1993-இல் மத்திய அரசின் விருது பெற்றார். இந்த வரிசையில் கல்லூரியில் பாடம் நடத்தாதவர்களில் அவரும் ஒருவர், ஆனால் அவரிடம் பாடம் கேட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அடுத்த முறை எறும்பியூர் மலை ஏறும்போது காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போங்கள். உச்சி வெயிலில் தெரியாத எழுத்து அப்போது தானாக எழுந்து நிற்கும். கல்வெட்டின்மேல் விபூதி, எண்ணெய் பூசாதீர்கள், பேனாவால் பெயர் எழுதும் பிள்ளைகளைத் தடுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கினால் பெயின்ட் அடிக்கும் முன்பும், சுவரை மணல் வீச்சால் சுத்தம் செய்யும் முன்பும் ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘இந்தக் கல்வெட்டைப் படியெடுத்தாயிற்றா?’ இல்லை என்றால் வேலையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கைபேசியில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள். மணல் வீச்சில் தேய்ந்த எழுத்தை எந்த அறிஞராலும் திரும்பப் படிக்க முடியாது.